அடுப்படியில் ஏது உப்பளத்து வெயில்?

அப்பா,

மரக்காணம் வட்டாரப் பெருமக்களுக்கு ஆழ்ந்த துயரத்துடன் அறிவிப்பது என்னவென்றால்: உன் கறுப்புக் கண்ணாடியின் காது இன்று காலை முறிந்தது. அடக்கம் குப்பைத் தொட்டியில் நடைபெற்றது. முறித்தவன் அடியேன்.

வேண்டுமென்றேதான். உப்பளத்து வேலைக்குக் கிளம்பிய அம்மா அதை எடுத்து மாட்டிக்கொண்டாள். கண்ணாடிக்குக் கீழே கன்னம் ஈரமாக இருந்தது.

“இன்னாம்மா?”

“ஒண்ணுமில்லடா. உப்பளத்து வெயிலு. கண்ணு கூசுது.”

அவள் நின்றிருந்ததோ அடுப்படியில்.

அது உன் வசனம். தங்கச்சி காய்ச்சலில் போன அந்த வாரமே நீ உப்பு வாரப் போய்விட்டாய். பாத்தி முழுக்க வெள்ளை, மேலே வெயில். அங்கே எல்லார் கண்ணும் சிவந்துதான் இருக்கும், எல்லார் கண்ணிலும் தண்ணீர் வழியும். அந்தக் கூட்டத்தில் ஒருத்தன் அழுதால் யாருக்குத் தெரியும்? பலகையால் உப்பை இழுத்துக்கொண்டே அழுதாய். “கல்லு மாதிரி நிக்கிறாம்பா, ஆம்பளன்னா இவன்தான்” என்று கூட வேலை செய்தவர்கள் மெச்சினார்கள். அவர்கள் மேலும் எனக்குக் கோபம். கண்ணாடி போட்ட உன்னை ‘ஹீரோ’ என்று கூப்பிட்டுச் சிரித்த என் மேலும்.

வீட்டில் தங்கச்சி பேரை யாரும் எடுக்கக் கூடாது. ஒருமுறை உன்னிடம் நான் எடுத்தேன்.

“பேசினா போனவ வந்துடுவாளா? போய்ப் படிடா.”

வரமாட்டாள், சரி. பேசாமல் இருந்து நீ எங்கே போனாய்? முதலில் மதுக்கடைக்கு. பிறகு ஈரல் கெட்டு ஆஸ்பத்திரிக்கு. போன மழைக்காலத்தில் சுடுகாட்டுக்கு. உப்பு வாருகிற வீட்டில் இப்படி ஓர் உப்புச்சப்பில்லாத மௌனம்! கேட்க ஆளில்லையா? வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாத ஒரு பிள்ளையைப் பெற்றுவிட்டு, அவனிடம் ஒரு வார்த்தை பேசவில்லையே நீ.

நீ போனபின் பரீட்சை ஹாலில் ஒரு நண்டை விட்டேன். கடமை தவறாத நண்டு, எல்லா வரிசையையும் மேற்பார்வையிட்டது. தலைமையாசிரியர் என்னை அரசு ஆஸ்பத்திரிக்கு, வெள்ளிக்கிழமை வருகிற கவுன்சிலிங் மேடத்திடம் அனுப்பினார். அறிவுரை சொல்வார், கொட்டாவி விடலாம் என்று போனேன். அவரோ கேள்வி கேட்டார்.

“நண்டு விடணும்னு எப்பப்பா தோணுச்சு?”

“ஹால்ல சத்தமே இல்ல மேடம். காதை அடைச்சுது.”

“வேற எங்க அந்த மாதிரி இருக்கும்?”

முதலில் லைப்ரரி, கோயில் என்று கதை விட்டேன். அவர் அவசரப்படவில்லை. கடைசியில் “எங்க வூட்ல” என்றேன். என் சேட்டையெல்லாம் எதற்கென்று அன்றைக்குத்தான் எனக்கே விளங்கியது. பேசியதால் தங்கச்சி வந்துவிடவில்லை, நீ சொன்னது சரிதான். ஆனால் அன்றைக்கு நான் வயிறாரச் சாப்பிட்டேன். வாராவாரம் போகிறேன்.

அதனால்தான் உன் வசனத்தை அம்மா வாயில் கேட்டதும் கண்ணாடியைப் பிடுங்கி முறித்தேன். இந்த வெயிலுக்கு இன்னொரு ஆளை என்னால் கொடுக்க முடியாது. இன்று வெள்ளிக்கிழமை. என் வாழ்நாளின் மாபெரும் மோசடியை அரங்கேற்றினேன். “பெத்தவங்க வந்து மேடத்தைப் பார்த்துக் கையெழுத்துப் போடலன்னா டிசி குடுத்துடுவாங்கம்மா” என்றேன். திட்டிக்கொண்டே வந்தாள். மேடத்தின் அறைக்கு நீ ஏறாத படியில் அம்மாவையே ஏற்றிவிட்டேன் பார் என்று உன்னிடம் மார்தட்டத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

ஆனால் உண்மையில் நடந்தது வேறு. “யார் முதல்ல பேசுறீங்க?” என்று மேடம் கேட்டதும் நான் வாயைத் திறந்தேன். தங்கச்சி பேர் வந்தது. கூடவே அழுகை, மூக்கு ஒழுகுகிற அழுகை. அம்மா முந்தானையால் என் முகத்தைத் துடைத்தாள்.

“கையெழுத்து ஒண்ணும் இல்லன்னு எனக்குத் தெரியும்ங்க. கண்ணாடிய ஒடச்சிட்டு இவன் நின்ன நிப்பப் பார்த்தேன். தனியா அனுப்ப மனசு வரல.”

நான் அவளை அழைத்துப் போகவில்லை, அப்பா. அவள்தான் என்னை அழைத்துப் போயிருக்கிறாள். அப்புறம் அவளும் தங்கச்சி பேரைச் சொன்னாள். வீடு வருகிற வரைக்கும் அவளைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தோம்.

உன் பேர் மட்டும் இன்னும் என் வாயில் வரவில்லை. கோபத்தினால் என்று மேடத்திடம் சொல்லி வைத்திருக்கிறேன். பொய். அதுவும் உன் உப்பளத்து வெயில் மாதிரிதான்.