இனி வர வேண்டாம்

ஒக்டோபர் 14, செவ்வாய்

பாக்கியம் அக்கா இன்று என்னைக் கும்பிட்டுவிட்டுப் போனார். அதுதான் தூங்க விடவில்லை.

டொக்டருக்குத் தமிழ் தெரியாது. பண்டாரவளை கிளினிக்கில் நம்பர் கூப்பிடுகிற நான்தான் அவருக்கும் தேயிலைத் தோட்டத்து ஆட்களுக்கும் நடுவில் பேசுகிறேன். அக்கா ஹல்துமுல்லைப் பக்கமிருந்து பிரஷருக்கு மருந்தெடுக்க வருகிறவர். தலைச்சுற்று நிற்கவில்லை, பதுளை ஆஸ்பத்திரியிலும் காட்டினேன் என்று வெள்ளந்தியாகச் சொல்லிவிட்டார். டொக்டருக்கு முகம் சிவந்துவிட்டது. இனிமேல் இங்கே வர வேண்டாம் என்று சொல் என்றார் சிங்களத்தில்.

பார்க்க மாட்டேன் என்று சொல்ல அவருக்கு உரிமை இருக்கலாம். ஏன் என்று சொல்ல வேண்டாமா? அடுத்து எங்கே போவது, அதுவரை எந்த மாத்திரையைப் போடுவது என்றாவது சொல்ல வேண்டாமா? அங்கே கேட்க எனக்கு வாய் வரவில்லை.

"அக்கா, இனி நீங்க வர வேணாமாம்" என்றேன்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப சொகமாயிருச்சா தங்கச்சி? ஐயா நல்லா இருக்கணும்!"

நான் விளக்குவதற்குள் கும்பிட்டுவிட்டு வெளியே போய்விட்டார். என்ன சொன்னாள் என்று டொக்டர் கேட்டார். நீங்கள் நன்றாக இருக்க வேண்டுமாம் என்றேன். அடுத்த நம்பரைக் கூப்பிடு என்றார்.

சாயங்காலம் மனசு கேட்காமல் அக்காவின் மகளுக்குப் போன் எடுத்தேன். அம்மா மாத்திரையை நிறுத்தக் கூடாது, நாளைக்கே பதுளைக்குக் கூட்டிக்கொண்டு போ என்றேன்.

"மாத்திரையா? சொகமாயிருச்சுன்னு மிச்சத்தையெல்லாம் பக்கத்து வீட்டு அக்காவுக்குக் குடுத்துட்டாங்களே. அவங்களுக்கும் தலைச்சுத்தாம்."