மயில்வாகனம் இன்னும் சாகவில்லை

யேசு மரி சூசை துணை

கண்டி
31.8.1969

அன்பு மகள் கிறேசுக்குச் சித்தப்பா எழுதிக்கொள்வது,

இங்கே நான் சிங்க பலத்தோடும் உன் சித்தி மேபல் முழங்கால் வலியோடும் சுகமாக இருக்கிறோம், திருச்சியில் நீயும் முழங்கால் வலி நீங்கலாக அப்படியே இருக்க வேண்டும். பெரஹரா யானை ஊர்வலம் முடிந்து ஊர் இப்போதுதான் மூச்சு விடுகிறது, அந்தக் கூட்டத்தில் என் ஒற்றைச் செருப்பு போய்விட்டது, ஏதோ யானை போட்டுக்கொண்டு போயிருக்க வேண்டும். அது கிடக்கட்டும். நீ அனுப்பிய யுத்தகால நாவலைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். அது வந்த நாளிலிருந்து இந்த வீட்டில் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

தினமும் செபமாலை முடிந்ததும் நான் கதிரையில் மகாராசா மாதிரி அமர்ந்து உரக்க வாசிப்பேன், சித்தி கேட்பாள். எல்லாம் நம் கண்டிதான், ஜன்னலுக்குக் கறுப்புக் கடதாசி, அரிசிக் கூப்பன், மூன்று வேளையும் மரவள்ளிக் கிழங்கு, குண்டுக்குப் பயந்து கொழும்பிலிருந்து ரயிலேறி வந்த சனம். அந்தச் சனத்தின் டிரங்குப் பெட்டிகளை, முந்நூறாவது இருக்கும், ஸ்டேஷனில் தனியொருவனாக இறக்கிய வீரன் நான், எழுதியவர் என்னைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. ஆனால் வாசிக்க வாசிக்க எது நான் கண்டது, எது அவர் எழுதியது என்றே பிரிக்க முடியவில்லை. நம்ம வீட்டில கறுப்புக் கடதாசி ஒட்டினோமா என்று சித்தியிடம் கேட்டேன். நம்ம வீட்டுக்கு இருந்ததே ஒரு ஜன்னல், அதையும் நீங்க பனி வருதுன்னு திறக்க விட்டதில்ல என்கிறாள்.

நாவலில் மயில்வாகனம் என்று ஒருவர், தங்கையைக் கண்டியில் விட்டுவிட்டுச் சிங்கப்பூருக்குக் கிளார்க்கு வேலைக்குப் போகிறார், ஜப்பான்காரன் ஊரைப் பிடித்தபின் சேதியே இல்லை. உன் சித்தியின் அண்ணன் கிறகரி மாமாவும் அப்படித்தானே கப்பலேறிப் போனார். நம் வீட்டு வழக்கம் உனக்குத் தெரியும், செபமாலை முடிவில் பயணத்தில் இருக்கிறவர்களுக்காக ஒரு பரலோக மந்திரம், செத்துப்போய் உத்தரிக்கிற ஸ்தலத்தில் இருக்கிற ஆத்துமாக்களுக்காக ஒன்று. இத்தனை வருஷமும் சித்தி கிறகரி பெயரைப் பயணத்தில் இருக்கிறவர்களோடுதான் சொல்லி வந்தாள், மாற்றிச் சொல்லும்படி சொல்ல பங்குச் சாமியாருக்கே தைரியம் வந்ததில்லை. இப்போது நாவலைக் கேட்டுவிட்டு, இது எங்க அண்ணன்தாங்க, எழுதினவன் பேரை மாத்திட்டான், கூச்சத்துல சைவமாவும் ஆக்கிட்டான், ஆனா சட்டைக் கைய மடிக்கிற மடிப்பு அவரோடது என்றாள். அடியே, இவர் திருநீறு பூசுறாரே என்றேன். அது மழை பட்டா போயிடும், நீங்க படிங்க என்றாள்.

அந்த மயில்வாகனம் ஜப்பான்காரன் ஆள்பிடித்து ரயில் பாதை போடும் காட்டில் காய்ச்சல் கண்டு சாகிறார், மகளே. அடுத்த பக்கத்தில் சாவு நிற்பது என் கண்ணுக்குத் தெரிகிறது, சித்தியோ கதிரை நுனிக்கு வந்துவிட்டாள். கண் நின்றுவிட்டது, வாய் நிற்கவில்லை. என் வாயில் அவர் ஆற்றைத் தாண்டினார், முதலையின் வாயை வேட்டியால் கட்டினார், ஜப்பான் தளபதிக்கு முடி வெட்டித் தப்பினார், ரங்கூனில் அரிசி ஆலை போட்டு ராசாத்தி மாதிரி ஒருத்தியைக் கட்டினார், இரட்டைப் பிள்ளைகள். புத்தகம் தீர்ந்துபோய் எத்தனையோ நாளாகிவிட்டது, நான் இன்னும் வாசித்துக்கொண்டிருக்கிறேன்.

போன வியாழக்கிழமை செபமாலை முடிவில் பயணத்தில் இருக்கிறவர்களுக்கு உன் பெயரை மட்டும் சொன்னாள். பிறகு ஆத்துமாக்களுக்காக அவளுடைய அப்பா, அம்மா, அடுத்து கிறகரி என்றாள். எனக்கு மந்திரமே மறந்துபோனது. ஏன்டி, ரங்கூன்ல அவர் ராசா மாதிரி இருக்காரே என்றேன். மயில்வாகனம் நல்லா இருக்கட்டுங்க, ஆனா எங்க அண்ணன் கலியாணம் கட்டியிருந்தா எனக்குச் சொல்லாம இருந்திருக்க மாட்டார் என்றாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து, அந்த ரெட்டைப் பிள்ளைகளுக்கு என்ன பேரு வச்சாங்க, படிங்க என்கிறாள்!

இவளுக்கு என் புளுகு தெரியுமா தெரியாதா? நான் நல்லது செய்தேனா, கெட்டது செய்தேனா? கிறகரியைக் கொன்றது ஜப்பான்காரனா, எழுதியவரா, உயிரோடு வைக்கப் பார்த்த நானா? நீயாவது யோசித்து எழுது. அதுவரை அந்த இரட்டைப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்து வைக்கிறேன்.

மாதா உன்னைக் காப்பாற்றுவாள், எங்கள் ஆசீர்வாதம் எப்போதும் உனக்கு உண்டு. பயணத்தில் இருக்கிறவர்கள் என்று எங்களுக்கு இனி நீ ஒருத்திதான், அந்தப் பரலோக மந்திரம் முழுவதும் உனக்கே. ஆகவே கடிதம் போடாமல் இருந்துவிடாதே. கலியாணப் பேச்சு ஏதாவது வந்தால் முதலில் சித்திக்குச் சொல்லிவிடு.

உன் அன்புச் சித்தப்பா,
பற்றிக்