கண்காட்சிக்குப் போன ஓட்டைக் கேன்கள்

அனுப்புநர்
பிரணாலி வாக்மாரே (வயது 16),
பஞ்சசீலச் சந்து, மான்குர்த், மும்பை.

பெறுநர்
வார்டு குடிநீர் அதிகாரி அவர்கள், மும்பை.

பொருள்: கண்காட்சிக்கு எடுத்துச் செல்லப்பட்ட எங்கள் கேன்களையும், அதனால் பறிபோன தண்ணீர் முறையையும் திருப்பித் தரக் கோருவது.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் சந்தில் நாற்பது வீட்டுக்கு ஒரே குழாய். காலை ஐந்தரைக்கு முக்கால் மணி நேரம் தண்ணீர் வரும். முந்தின நாளே வீட்டுக்கு ஒரு கேனை வரிசையில் வைத்துவிடுவோம். கேன் நின்றால் ஆள் நின்ற மாதிரி. நல்ல கேன் திருடு போகும் என்பதால் ஓட்டைக் கேனைத்தான் வைப்போம். எங்கள் கேன் மூன்றாவது. அம்மா இடுப்பொடிந்து படுத்த பிறகு, ஏழாம் வகுப்போடு நின்று நான் காத்துவந்த இடம் அது.

2. சென்ற மாதம் 9ஆம் தேதி மதியம், எல்லோரும் வேலைக்குப் போயிருந்தபோது, கலைக்கூடத்து வண்டி வந்து, குப்பை என்று நினைத்து நாற்பதையும் ஏற்றிச் சென்றுவிட்டது. மறுநாள் குழாயடியில் அடிதடி. கை பலத்தவர்கள் முன்னால் போனார்கள். அன்றைய வரிசையே இப்போது சட்டமாகிவிட்டது. நான் முப்பத்தெட்டாவது. வாரத்தில் இரண்டு நாள் தண்ணீர் கிடைத்தால் அதிகம்.

3. அந்தக் கூடத்தில் தரை துடைக்கும் பக்கத்து வீட்டுச் சித்தி, சுரேகா மாவ்ஷிதான் விஷயத்தைச் சொன்னார். "அடியே, நீ இங்க தண்ணிக்கு நாயா அலையுற. உன் ஓட்டைக் கேன் அங்க ஏசியில உக்காந்திருக்குடி."

4. போய்ப் பார்த்தேன். நகர வாழ்வின் ஏற்றத்தாழ்வு பற்றிய கண்காட்சியாம். தாங்கள் விளக்கேற்றித் தொடங்கி வைத்த படம் வாசலில் இருக்கிறது. பள்ளி அட்டை உள்ளவர்களுக்கு இலவசம். என்னிடம் அட்டை இல்லாததால் மாவ்ஷி பின்வாசல் வழியாகக் கூட்டிப் போனார். எங்கள் கேன்களை அதே வரிசையில் நிறுத்தி, 'கைவிடப்பட்டவை' என்று பலகை வைத்திருக்கிறார்கள். ஐயா, நாங்கள் எதையும் கைவிடவில்லை. நகப்பூச்சால் நான் போட்ட சிவப்புப் புள்ளியைத் தொட்டதும் காவலாளி, "கை வைக்காத பாப்பா, வெல ஜாஸ்தி" என்றார்.

5. கண்காட்சி நடத்தும் அம்மையாரிடம் மாவ்ஷி முறையிட்டார். அம்மையார் வருத்தப்பட்டார். "பழசு எதுக்கும்மா, புதுசாவே வாங்கித் தர்றேன்" என்றார். போனது கேன் இல்லை, இடம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என்னைக் கேனுக்குப் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுத்தார். நானும் நின்றேன். அதை நினைத்தால் இன்றும் உடம்பு எரிகிறது. பேச வராததால்தான் எழுதுகிறேன்.

6. ஆகவே, வரும் வியாழனுக்குள் கேன்களை மீட்டு, பழைய வரிசையே செல்லும் என்று குழாயடியில் எழுத்தில் உத்தரவு ஒட்ட வேண்டுகிறேன்.

இயலாதென்றால் ஒன்று செய்யுங்கள். அந்தக் கூடத்தில் எங்கள் கேன்கள் மேல் காலை பத்து முதல் மாலை ஏழு வரை குழாய்த் தண்ணீர் விழுந்துகொண்டே இருக்கிறது. கலைக்காகவாம். ஓட்டை வழியே தரையில் ஓடும் அதைத்தான் மாவ்ஷி நாள் முழுக்கத் துடைக்கிறார். வெள்ளி முதல் நாற்பது வீட்டாரும் நல்ல டிரம்களோடு அங்கே வருகிறோம். வரிசை அங்கே சரியாக இருக்கிறது. காவலாளி எங்களைத் தடுக்காமலிருக்க ஓர் அனுமதிக் கடிதம் மட்டும் தந்தருளவும்.

இடம்: மான்குர்த்
நாள்: 4 மார்ச்

இப்படிக்கு,
பிரணாலி வாக்மாரே
(மூன்றாவது கேன்)