சோற்றை நிறுத்தியதைச் சொல்லாமல் போன சேகருக்கு

என் பாசமுள்ள மச்சான் சேகர்,

நாம் சேர்ந்து சமைத்த சீகிரியா ஓட்டல் வேலையை நான் விட்டுவிட்டேன். நீ மோட்டார் சைக்கிளோடு விழுந்த வளைவைத் தாண்டித்தான் வேலைக்குப் போகவேண்டும், என்னால் முடியவில்லை. இப்போது பலாபத்வலயில் ரோட்டோரச் சாப்பாட்டுக் கடை ஒன்றில் சமைக்கிறேன். பகல் முழுக்க லொறிக்காரர்களுக்குச் சோறு வடித்துவிட்டு, வீட்டுக்கு வந்து உன் தங்கச்சிக்குச் சோறில்லாத சாப்பாடு செய்கிறேன்.

ஆமாம் மச்சான், உன்னைப் போலவே விமலாவுக்கும் சீனி வருத்தம் வரப் பார்க்கிறது. எப்போதும் அசதி. கழுத்தைச் சுற்றிக் கறுப்புப் படிந்தது. அத்தை தேசிக்காயைப் பிழிந்து தேய்த்துப் பார்த்தாங்க, போகவில்லை. பிள்ளைக்காக நாங்கள் காத்திருப்பது உனக்குத் தெரியும். அதற்காக மாத்தளை ஆஸ்பத்திரிக்குப் போன இடத்தில்தான் இரத்தம் பார்த்துச் சொன்னார்கள்.

யாழ்ப்பாணத்து டொக்டரம்மா ஒருத்தர். "இது இன்னும் சீனி வருத்தம் இல்லை. உடம்பு இன்சுலின் சொல்லுறதைக் கேக்குதில்லை. இப்பவே பாத்துக்கொண்டால் தள்ளிப் போடலாம்" என்றார். "சோறு, பாண், மா ரொட்டி, சீனி எல்லாத்தையும் நல்லாக் குறையுங்கோ. ஆனா பட்டினி கிடக்கப்படாது."

விமலா கதிரையை விட்டு எழும்பிவிட்டாள். "எங்க அண்ணன் சோத்த விட்டுத்தான் செத்தாரு. என்னையும் அப்படிச் சாகச் சொல்றீங்களா?"

டொக்டரம்மா கோபப்படவில்லை. "இருங்கோ. அண்ணாவுக்கு என்ன நடந்தது?" என்று கேட்டார். நான்தான் சொன்னேன். உன் கதையை முதல்முதலாக முழுசாக ஒரு ஆளிடம் சொன்னது அன்றைக்குத்தான்.

ஓட்டலில் வெள்ளைக்காரர்களுக்குக் காலையில் ஆம்லெட் போடுவது உன் வேலை. சீனி கூடிவிட்டது என்று கிளினிக்கில் அதை இறக்கக் குளிசை கொடுத்தார்கள். கொஞ்ச நாளில் நீயாகவே சோற்றை நிறுத்தினாய். அவித்த முட்டையும் வெள்ளரிக்காயும், காலையிலும் அதுதான், பகலிலும் அதுதான். "அடுத்த தடவ என் ரிப்போர்ட்ட பாத்து டொக்டரே எழும்பி நிக்கணும்டா மச்சான்" என்று சிரித்தாய். இடுப்புப் பட்டியில் புதுசாக ஓட்டை போட்டாய். கடைசி நாட்களில் முட்டையைப் பார்த்தாலே உனக்குக் குமட்டியது. வெறும் தேத்தண்ணியோடு வேலையை முடித்தாய். குளிசையை மட்டும் ஒரு வேளையும் தப்பவிடவில்லை.

அன்றைக்கும் போட்டுக்கொண்டுதான் வண்டியில் ஏறினாய். எதிரில் வண்டி எதுவும் வரவில்லை, ரோட்டில் ஈரமும் இல்லை, ஆனாலும் அந்த வளைவில் விழுந்தாய். ஆஸ்பத்திரியில் இரத்தம் பார்த்துவிட்டு "சீனி ரொம்ப இறங்கியிருக்கு" என்றார்கள். கூடினால்தானே வருத்தம், இறங்கினால் நல்லதுதானே என்று நினைத்துக்கொண்டு நான் வாசலில் நின்றேன். பின்னேரம் நீ போய்விட்டாய்.

டொக்டரம்மா விமலாவைக் கதிரையில் உட்கார வைத்தார். பிறகு, "சில குளிசை சீனியை இறக்கும். சாப்பாட்டைக் குறைச்சால் அதையும் குறைக்க வேணும். கிளினிக்கில ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் குறைச்சிருப்பினம்" என்றார்.

ஒரு வார்த்தை. ஏன் சொல்லவில்லை சேகர்? ரிப்போர்ட் வரட்டும், எல்லாரும் ஆச்சரியப்படட்டும் என்றா?

விமலா அங்கேயே அழுதாள். பஸ்ஸில் மாத்தளையிலிருந்து வீடுவரை என் பக்கம் திரும்பவில்லை. இறங்கும்போது, "இனிமே முட்டையும் வெள்ளரிக்காயும் இந்த வீட்டுக்குள்ள வரக்கூடாது" என்றாள். அவ்வளவுதான். மற்றதற்கெல்லாம் சம்மதம் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

ஒரே சாமானைத் திரும்பத் திரும்பச் சாப்பிட்டால் மனசு வெறுத்துப் போகும் என்று டொக்டரம்மா சொல்லியிருந்தார். அதை நான் உன்னிடம் நேரிலேயே பார்த்தவன். முருங்கைக்கீரையில் கருவாடு போட்டு ஒரு நாள். காளானும் போஞ்சியும் ஒரு நாள். வாழைப்பூச் சுண்டல், கத்தரிக்காய்ப் பால்கறி, வல்லாரைச் சம்பல், வாட்டின மீன். எப்போதாவது தட்டின் ஓரத்தில் இரண்டு கரண்டி சிவப்பரிசிச் சோறு. ஓட்டலில் பிறத்தியாருக்கு எத்தனை விதமாக அலங்கரித்துக் கொடுத்தோம்! நமக்கென்று ஒரு நாள் செய்தோமா?

அவள் சாப்பிடுகிறாள். ருசித்து அல்ல, பயந்து. லேசாகத் தலை சுற்றினாலும் சுவரைப் பிடித்துக்கொண்டு, "அண்ணனுக்கும் இப்படித்தான் இருந்திருக்குமா?" என்கிறாள். உனக்குக் கொடுத்த மாதிரிக் குளிசை அவளுக்குக் கொடுக்கவில்லை, பயமில்லை என்று டொக்டரம்மா சொன்னதை நானும் சொல்லிச் சொல்லிப் பார்க்கிறேன். போன மாதம் இரத்தம் பார்த்தபோது சீனி கொஞ்சம் இறங்கியிருந்தது. எல்லாரும் சந்தோசப்படுகிற செய்தி. அவளோ "இறங்கியிருக்கு" என்ற சொல்லைக் கேட்டதுமே ரிப்போர்ட்டை என் பக்கம் தள்ளிவிட்டாள். பிள்ளை இன்னும் தங்கவில்லை.

உன் வருசத் திதிக்கு அத்தை தலைவாழை இலையில் சோற்றைக் குவித்து ஆட்டுக்கறி ஊற்றிப் படைத்தாங்க. "ஒரு வாய் தின்னுடி, அண்ணன் சோறு" என்று விமலாவிடம் நீட்டினாங்க. அவள் வாங்கி, ஒரே ஒரு கவளம் தின்றாள். மிச்சத்தைக் கையில் வைத்துக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

குளிசை விசயம் அத்தைக்குத் தெரியாது. வண்டி சறுக்கியது என்றுதான் சொல்லியிருந்தோம். ஆனால் அன்றைக்கு எல்லாரும் போனபிறகு, இலையைச் சுருட்டிக்கொண்டே என்னைப் பார்த்துக் கேட்டாங்க:

"மாப்பிள்ள, எம் புள்ள பசியோடயா போனான்?"

 அவங்க கையிலிருந்து இலையை வாங்கிக்கொண்டு நான் வெளியே போனேன் மச்சான். அவங்க திரும்பக் கேட்கவில்லை. அன்றிலிருந்து நான் வேலை விட்டு வந்ததும் வராததுமாக, "சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்கிறாங்க. முன்பு மாப்பிள்ளை என்று மரியாதையாக "சாப்பிட்டீங்களா" என்பாங்க. இப்போது உன்னிடம் கேட்ட மாதிரியே கேட்கிறாங்க.

சாப்பிட்டிருந்தாலும் நான் தட்டை எடுத்துக்கொண்டு அவங்க முன்னால் உட்காருகிறேன். அவங்க கண்ணுக்கு முன்னால் உட்கார்ந்து சாப்பிடுவேன் சேகர், அவங்க இருக்கிற காலம் வரைக்கும்.

உன் தங்கச்சியின் புருசன்,
உன் அம்மாவுக்கு இப்போது மகன்,
குமார்