நான்காவது துளை

ஏப்ரல் 12, 2025, சனி

கண்ணாடியின் எடை இருபத்திரண்டு கிலோ முந்நூறு கிராம். ஆதாரம்: பெரியகடை வீதியில் அதை விற்ற பரக்கத் அலியின் தராசு. என் கண் முன்னால் நிறுத்துக் காட்டினார். மூடிவிட்ட ஒரு ஜவுளிக்கடையின் டிரையல் ரூமில் இருந்ததாம். தேக்குச் சட்டம். ஆட்டோவில் நிமிர்த்திப் பிடித்தபடியே பாலம் தாண்டி ஸ்ரீரங்கம் வந்து சேர்ந்தேன்.

என் மனைவி அனுசுயாவுக்காக வாங்கியது. ஜனவரியில் வந்த பக்கவாதத்தில் வலது கை விழுந்துவிட்டது, வாய் கோணிக்கொண்டது. இடது கையால் போர்டில் எழுதப் பழகிவிட்டாள். மீதி இருப்பது பேச்சு. ஜூன் 2 பள்ளி திறக்கும்போது பிள்ளைகளுக்குப் புரிகிற மாதிரி பேச முடிந்தால் கணக்கு வகுப்பைத் திரும்பத் தருவதாக ஹெச்.எம். சொல்லியிருக்கிறார்.

"உக்காந்தபடி முகமும் தோளும் முழுசா தெரியணும் சார், தினமும் அரை மணி நேரம்" என்றார் பிசியோதெரபிஸ்ட் ஃபெமினா. அனுவுக்கு ஒரே நிபந்தனை: பாத்ரூமில்தான் மாட்ட வேண்டும். வாயைக் கோணி அவள் பயிற்சி செய்வதை நான்கூடப் பார்க்கக்கூடாது. சாத்தினால் யாரும் ஏன் என்று கேட்காத கதவு அது ஒன்றுதான்.

ஏப்ரல் 13, ஞாயிறு

காத்தமுத்து வந்தார். எங்கள் குடியிருப்பில் மர வேலை எல்லாம் அவர்தான். டைல்ஸ் மேல் டேப் ஒட்டி, மேலே இரண்டு, கீழே இரண்டு என்று குறித்துத் துளைத்தார். நான் தூளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். முதலில் டைல்ஸின் வெள்ளை, பிறகு சிமெண்டின் சாம்பல், பிறகு செங்கல் சிவப்பு. மூன்று துளைகளில் இதே வரிசை. நான்காவது, இடது மேல் மூலை. அங்கே வெள்ளைக்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. ட்ரில் சட்டென்று உள்ளே போய்விட்டது.

"உள்ள காலியா?"

"டைல்ஸ் ஒட்டுறவன் அங்கங்க சிமெண்ட் வைக்காம விட்டிருப்பான் சார். மூணு கடிச்சிருக்குல்ல. யானையவே மாட்டலாம்."

"யானை வேண்டாம். கண்ணாடி நிக்குமா?"

"நிக்கும் சார். வேணும்னா பேப்பர்ல போட்டுக்குங்க."

ஒருவர் சொன்னதை மட்டும் வைத்து முப்பத்திரண்டு வருடப் பத்திரிகை வேலையில் ஒரு செய்தியும் கொடுத்ததில்லை நான். குடியிருப்போர் சங்கச் செயலாளர் பாலமுரளிக்குப் போன் செய்தேன். இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். கேட்டுக்கொண்டு, பத்து நிமிடத்தில் கூப்பிடுவதாகச் சொன்னார். இடையில் காத்தமுத்து யாரிடமோ போன் பேச வராந்தாவுக்குப் போய்விட்டு வந்தார்.

பாலமுரளி சொன்னபடி கூப்பிட்டார். "உங்க பாத்ரூம் சுவர்தானே? நல்ல ஸ்ட்ராங்குங்க. தாராளமா மாட்டலாம்."

இரண்டு பேர். மாட்டச் சொன்னேன்.

ஏப்ரல் 16, புதன்

வாஷ்பேசினில் ஒரு சிட்டிகை வெள்ளைத் தூள். துடைத்தேன்.

ஏப்ரல் 20, ஞாயிறு

"சத்தம் வருதுங்க... வெந்நீர் தொறந்தா. சுவத்துல" என்றாள் அனு. குழறல்தான், ஆனால் புரிந்தது. எந்தப் பக்கம், எத்தனை தடவை, என்ன மாதிரிச் சத்தம் என்று கேட்டேன். நகம் கடிக்கிற மாதிரி என்றாள். வெந்நீரைத் திறந்துவிட்டு இருபது நிமிடம் நின்றேன். எனக்கு எதுவும் கேட்கவில்லை.

"நீ ஒருத்திதானே சொல்ற."

"நான் ஒருத்திதானே உக்கார்றேன்."

சட்டத்தின் இடது மேல் மூலைக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு போஸ்ட்கார்டு நுழைகிறது. மாட்டிய அன்றே நுழைந்ததா? பார்த்து வைக்கவில்லை.

ஏப்ரல் 23, புதன்

மடித்த போஸ்ட்கார்டு நுழைந்தது.

ஏப்ரல் 24, வியாழன்

கீழே கேட் அருகே பாலமுரளியைப் பிடித்தேன். அந்தச் சுவரைப் பற்றி அவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"எனக்கு எப்படிங்க தெரியும்? நான் வர்றதுக்கு முன்னாடி கட்டுன கட்டடம். நீங்க கேட்டீங்க, காத்தமுத்துக்குப் போன் போட்டேன். ஸ்ட்ராங்குன்னார், சொன்னேன். ஏங்க, ஊர்ல உள்ளவனையெல்லாம் கேள்வி கேக்குறீங்க, இதை அன்னைக்கே கேக்கலியா?"

கேட்கவில்லை. ஆக, இரண்டு பேர் இல்லை. ஒரே ஆள். இதே தப்புக்காக எத்தனை பேரின் செய்தியைக் கிழித்துப் போட்டிருக்கிறேன்.

நாளை காலை ஒன்பது மணிக்குக் கொத்தனார் வந்து தட்டிப் பார்க்கிறார்.

அனுவிடம் சொல்லவில்லை. மாலை நான் வீட்டுக்குள் நுழையும்போது "பால் வந்துச்சா?" என்றாள். உதடு இரண்டும் ஒட்டி வந்த 'பா'. ஜனவரிக்குப் பிறகு முதல் தடவை. அவளே திகைத்துப்போய் இன்னொரு தரம் சொல்லிப் பார்த்தாள், சிரித்தாள். நாளைக்குப் பயிற்சி வேண்டாம் என்று அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? தவிர, சுவர் மோசம் என்று யாரும் இன்னும் உறுதி செய்யவில்லையே. ஏழு மணிக்கு உட்காருவாள். ஒன்பதுக்குத் தெரிந்துவிடும். நடுவில் இரண்டு மணி நேரம்தானே —

ஏப்ரல் 25, வெள்ளி

காலை ஏழு இருபது. மேலே எழுத வரவில்லை.

ஏப்ரல் 28, திங்கள். புத்தூர், மருத்துவமனை

அனுவுக்குத் தலையில் அடி இல்லை. ஸ்கேன் பார்த்த டாக்டர் சொன்னது. இன்னொரு டாக்டரிடமும் கேட்டேன். அவர் தனியாக ஸ்கேனைப் பார்த்துவிட்டு அதையே சொன்னார்.

கொத்தனார் நேற்று வீட்டைப் பார்த்துவிட்டு வார்டுக்கு வந்தார். "மேல உள்ள ரெண்டுதான் சார் பாரத்தைச் சுமக்கும். கீழ ரெண்டு ஆடாம இருக்குறதுக்கு. மேல ஒண்ணு காத்துல நின்னிருக்கு. டைல்ஸ் விரிசல் விட்டதும் மொத்தப் பாரமும் இன்னொண்ணு மேல வந்து, அதையும் புடுங்கிடுச்சு." தட்டிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்குமா என்றேன். தரையைப் பார்த்துக்கொண்டு ஆமாம் என்று தலையசைத்தார்.

கண்ணாடி சாய்ந்து வருவதைப் பார்த்து அனு கையைத் தூக்கித் தடுத்திருக்கிறாள். அவளால் தூக்க முடிகிற கை ஒன்றுதான். இடது உள்ளங்கை கிழிந்து, இரண்டு விரல்களின் தசைநாண்கள் அறுந்துவிட்டன. தைத்து, அசையாமல் கட்டியிருக்கிறார்கள்.

கொத்தனாரை நான் வியாழனே கூப்பிட்டிருந்தது அவர் பேச்சில் அவளுக்குத் தெரிந்துபோயிருக்கிறது. "வியாழக்கிழமையே தெரியுமா உங்களுக்கு?" என்று கேட்டாள் இன்று காலை. ஒவ்வொரு சொல்லும் தெளிவாக இருந்தது.

"சந்தேகம்தான் இருந்தது" என்றேன்.

"அதைச் சொல்லியிருக்கலாம்ல."

பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

விரல்கள் மடங்குமா, சாக்பீஸ் பிடிக்குமா என்று இப்போது சொல்ல முடியாது என்கிறார் கை அறுவை மருத்துவர். கட்டைப் பிரித்துப் பார்க்க ஆறு வாரம் ஆகும். தேதி கொடுத்திருக்கிறார்: ஜூன் 9, திங்கள், காலை பத்தரை. பள்ளி திறந்து ஒரு வாரம் ஆகியிருக்கும்.