எங்கள் காட்டில் சுடக்கூடாத மான்கள்

அக்டோபர் 14, சனி

நான் ஓட்டும் பள்ளிக்கூட பஸ்ஸின் முன்விளக்கை மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். வியாழக்கிழமை சர்ச் வளைவில் ஒரு பெட்டை மான் நேராக வந்து மோதியது. பிள்ளைகள் யாருக்கும் ஒன்றும் இல்லை. பள்ளிக்கூடம் வரைக்கும் அதே பேச்சு. ஒர்க்‌ஷாப்காரர் சிரித்தார், இந்த மாதம் அவரிடம் வந்த பஸ்களில் பாதி மான் இடித்ததாம். ஊர் முழுக்க மான். என் பீன்ஸ் பாத்தியில் மிச்சம் வைத்தது கம்பியை மட்டும்தான்.

சாயங்காலம் தம்பி கேலன் கொட்டகையில் கூட்டம் என்று கூப்பிட்டான். வேட்டை தொடங்க இன்னும் ஒரு மாதம் இருக்கிறது, என்ன அவசரம் என்று போனால் அங்கே ஒரு விதி தயாராக இருக்கிறது. அவன் மகன் ட்ரெவர் தன் போனை எல்லோர் மூக்குக்கும் நேராக நீட்டினான். மரத்தில் கட்டிய கேமராவில் விழுந்த ஒரு ஆண்மான். பெரிய கொம்பு, பத்து முனை. அதற்கு செனட்டர் என்று பெயர் வைத்திருக்கிறான்.

"இனிமே நம்ம காட்டுல எட்டு முனைக்குக் குறைஞ்ச ஆண்மானச் சுடக் கூடாது" என்றான் கேலன். "பெட்டைய முதல் வாரம் தொடவே வேண்டாம். வெடிச்சத்தம் கேட்டா பெரியவன் ரிட்ஜ் மேட்டத் தாண்டிப் போயிடுவான்."

"அப்ப நான் எதுக்குடா துப்பாக்கியத் தூக்கிட்டு வரணும்? வந்து கல்யாணப் போட்டோ எடுக்கட்டுமா?" என்றேன்.

ஓரின் அண்ணன் மட்டும் சிரித்தார். எங்கள் பெரியப்பா மகன், எழுபதைத் தாண்டிவிட்டார். சிரித்துவிட்டு கையையும் தூக்கினார். யார் எதைச் சொன்னாலும் கையைத் தூக்குவது அவருக்கு ஒரு வியாதி. மூன்று கைகள் மேலே. என் கை கோட்டுப் பையிலேயே இருந்தது. விதியை மீறுகிறவர் அடுத்த வருஷம் வேட்டைக்கு வந்து பரணில் உட்காரக் கூடாதாம்.

காடு நிறைய மான். சுடத்தான் ஒன்றும் இல்லையாம்.

அக்டோபர் 15

வீட்டுக்காரர் வெர்லினிடம் சொன்னேன். இடுப்பு வலி வந்ததிலிருந்து அவர் காட்டுக்கு வருவதில்லை, சாஸேஜ் போடுவதோடு சரி. "மச்சான் உன்கிட்ட கேட்டானா, சொன்னானா?" என்றார். சொன்னான் என்றேன். "அப்ப நீ கேட்க வேண்டாம்" என்று சொல்லிவிட்டு மறுபடி பேப்பரைப் பிரித்துக்கொண்டார். இந்த மனிதருடன் முப்பத்தெட்டு வருஷம் வாழ்ந்தது வீண்போகவில்லை.

நவம்பர் 5, ஞாயிறு

ஃபிரீசரைக் கழுவி வைத்தேன். அடியில் போன வருஷக் கறி ஒரே ஒரு பொட்டலம். மகள் காரிக்கு மூன்று பிள்ளைகள், கடையில் மாட்டுக்கறியைத் தொட முடியவில்லை என்கிறாள். அவளுக்குப் பாதி, எங்களுக்குப் பாதி. குளிர்காலம் அப்படித்தான் ஓடுகிறது. நான் சுடுவது அதற்காகத்தான். சுவரில் மாட்ட எனக்கு ஒன்றும் வேண்டாம், சுவர்களில் பேரப்பிள்ளைகள் போட்டோ இருக்கிறது.

கேலன் போன் செய்தான். சண்டைக்குத் தயாராகத்தான் எடுத்தேன்.

"அக்கா, முப்பது வருஷமா சின்னச் சின்ன மானாச் சுட்டுக்கிட்டு இருக்கோம். ஒன்னரை வயசுல எல்லாம் செத்துப் போகுது. இந்தக் காட்டுல ஒரு மான் கிழவனாகி நான் பாத்ததே இல்ல. யாரும் ஆக விட்டதில்ல."

அவன் சொன்னது நன்றாகத்தான் இருந்தது. அதுதான் எரிச்சல். மடத்தனமாக ஏதாவது பேசியிருந்தால் போனை வைத்திருப்பேன்.

"சரிடா, அது கிழவனாகட்டும். நான் செனட்டரைத் தொட மாட்டேன். ஒரு பெட்டையச் சுட்டா அதோட வயசு குறைஞ்சிடுமா?"

"சத்தம், அக்கா."

"உன் ஆசைக்கு என் ஃபிரீசர் காலியாக் கிடக்கணுமா?"

"ரெண்டாவது வாரம் சுட்டுக்கோயேன்."

இரண்டாவது வாரம். முதல் நாள் வெடிச்சத்தம் பள்ளத்தாக்கு முழுக்கக் கேட்கும், பக்கத்து நிலத்துக்காரர்கள் எல்லாம் சுடுவார்கள். இரண்டாவது வாரத்துக்குள் இருக்கிற மான் எல்லாம் ராத்திரி மட்டும் நடமாடும். அது அவனுக்கும் தெரியும். சின்ன வயதில் அப்பாவோடு சேர்ந்துதானே இரண்டு பேரும் கற்றுக்கொண்டோம்.

நவம்பர் 17, வெள்ளி

துப்பாக்கியைத் துடைத்தாயிற்று. ரொட்டி, சீஸ், ஃபிளாஸ்க். முதலில் வருகிற நல்ல மான் என்னுடையது. எந்த விதியும் என்னைக் கேட்டு எழுதப்படவில்லை.

நவம்பர் 18, சனி

சுட்டேன்.

விடிந்து கொஞ்ச நேரத்தில் ஓடையைக் கடந்து நான்கு பெட்டைகள் வரிசையாக வந்தன. கடைசியில் வந்தது குட்டி இல்லாதது, நல்ல சதை. பரணுக்குக் கீழே பக்கவாட்டில் நின்றது. ஒரே குண்டு. இரண்டு மரம் தள்ளிப் போய் விழுந்துவிட்டது. சுட்ட மானில் கட்டுவதற்கு அரசாங்கம் கொடுத்த பெட்டைச் சீட்டு என் பையில் இருந்தது.

பின்பக்க வழியாகப் போயிருந்தால் யாருக்கும் தெரியாமல் வண்டியில் ஏற்றியிருக்கலாம். கொட்டகை வாசல் வழியாகவே இழுத்துக்கொண்டு போனேன். மத்தியானச் சாப்பாட்டுக்கு எல்லோரும் அங்கேதான் இருந்தார்கள்.

ட்ரெவர் எழுந்து நின்றான். "அத்தை, என்ன இது?"

"கறி."

"நாம பேசினோமே."

"நீங்க பேசினீங்க. நான் கேட்டுக்கிட்டு இருந்தேன்."

கேலன் தட்டைக் கீழே வைத்தான். முகம் சிவந்திருந்தது, ஆனால் குரலை உயர்த்தவில்லை. "அடுத்த வருஷம் நீ கிடையாது, அக்கா. விதின்னா விதி."

"பாதிக் காடு என் பேர்ல இருக்கு. எந்தப் பாதின்னு நீயே கோடு கிழிச்சுக் காட்டு, அங்க பரண் கட்டி உட்கார்றேன்."

ஓரின் அண்ணன் இருமினார். மானைத் தூக்கிக் கம்பத்தில் கட்ட ஒரு கை கொடுத்ததும் அவர்தான்.

வீட்டுக்கு வந்து ஈரலை வெங்காயத்தோடு வறுத்தேன். வெர்லின் இரண்டு தடவை போட்டுக்கொண்டார். அடுத்த வருஷம் கிடையாதாம். பார்க்கலாம். பெரிய கொம்பன்தான் இவன்.

நவம்பர் 19, ஞாயிறு

இதை எழுதிவிட்டால்தான் எனக்கு அடங்கும்.

காலையில் மறுபடி போனேன். என்னிடம் ஆண்மான் சீட்டு இன்னும் மிச்சம், போகாமல் இருக்க எனக்கென்ன பைத்தியமா? கேலன் ரிட்ஜுக்கு அந்தப் பக்கம், ஓக் மரங்களுக்குள். வெயில் ஏறும்போது அங்கிருந்து ஒரு வெடிச்சத்தம். செனட்டர் முடிந்தது என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், அவனுக்காக ஒரு நிமிஷம் சந்தோஷமாகவும் இருந்தது.

கொஞ்ச நேரத்தில் அவனே என் பரணை நோக்கி நடந்து வந்தான். பெரிய மானைச் சுட்டவன் நடை அப்படி இருக்காது.

"இறங்கி வா, அக்கா."

போய்ப் பார்த்தேன். இலைகள் மேல் ஒரு பொடியன் கிடந்தது. பக்கத்துக்கு இரண்டு முனை, மொத்தம் நான்கு. ஒன்றரை வயசு இருக்கும். வெயிலுக்கு எதிராக நின்றிருக்கிறது, பின்னால் காய்ந்த ஓக் கிளைகள். கிளையையும் கொம்பையும் சேர்த்து அவன் எண்ணிவிட்டான். நிற்கும்போது பெரிதாக இருந்த மான் விழுந்ததும் சுருங்கிப் போவது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த கதை. அடுத்தவனுக்கு நடந்தால் வருஷம் முழுக்க சிரிப்போம்.

நான் சிரிக்கவில்லை. அவன் முகத்தைப் பார்த்த பிறகு சிரிக்க முடியாது.

"உன் சீட்டக் கட்டிடு" என்றான்.

எனக்கு முதலில் புரியவில்லை.

"நீ எப்படியும் அடுத்த வருஷம் வெளியதான். இன்னொன்னு சேர்ந்தா உனக்கு என்ன கெட்டுப்போச்சு? கறியும் உனக்கே. கூட்டாப் போனா ஒருத்தர் சுட்டத இன்னொருத்தர் சீட்டுல போடலாம், சட்டமே சொல்லுது."

"கூப்பிட்டாக் காதுல விழற தூரத்துல இருந்தா. நடுவுல ஒரு மலை இருந்தது."

"அத யாரு பாத்தா?"

அவன் குரலைத் தாழ்த்தினான்.

"ட்ரெவருக்கு ரெண்டு மாசமா அதே பாடம் எடுத்திருக்கேன், அக்கா. கொம்ப எண்ணு, ரெண்டு தடவ எண்ணு, சந்தேகம் வந்தா விரல எடுத்துடுன்னு. இப்ப இத இழுத்துக்கிட்டுப் போய் அவன் மூஞ்சிய எப்படிப் பாப்பேன்?"

"நேத்து நான் உன் மூஞ்சியப் பாத்தேன்ல, அப்படிப் பாரு."

"நீ வேற. உனக்கு எதுக்குமே வெட்கம் கிடையாது."

அந்த இடத்தில்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வெட்கம் இல்லையா எனக்கு? பட்டப்பகலில் வாசல் வழியாக இழுத்து வந்தேனே, அது வெட்கம் இல்லாததாலா? நான் செய்ததை நான் செய்தேன் என்று சொல்வதற்குத்தானே! என்னை எதுக்கும் துணிஞ்ச கழுதைனு நெனச்சுட்டான், அதுமேல இன்னும் ஒரு மூட்டைய ஏத்தினா தெரியாதுன்னு நெனச்சுட்டான் —

"நான் சுட்டதுக்கு நான் நிக்கறேன். நீ சுட்டதுக்கு நீ நில்லு" என்றேன்.

குடலெடுக்க உதவினேன். காட்டு ஓரம் வரைக்கும் கயிற்றின் ஒரு முனையைப் பிடித்தேன். அங்கிருந்து கொட்டகை தெரியும். கயிற்றை விட்டுவிட்டு என் வண்டிக்குப் போய்விட்டேன். திரும்பிப் பார்க்கவில்லை.

சாயங்காலம் ஓரின் அண்ணன் போன் செய்தார். கேலன் தன் சீட்டையே கட்டினானாம். "நான் தப்பா எண்ணிட்டேன், அடுத்த வருஷம் நானும் கிடையாது" என்று மட்டும் சொல்லிவிட்டு காபி ஊற்றிக் குடித்தானாம்.

நவம்பர் 20

பஸ் ஓட்டினேன். செய்தது சரிதான். சரியென்று எத்தனை தடவை சொல்லிக்கொள்வது? சின்ன வயதில் இவன் உடைத்த ஜன்னல் கண்ணாடிகளுக்கெல்லாம் நான் அடி வாங்கியிருக்கிறேன். அப்போது பரவாயில்லாமல் இருந்தது. இப்போது அறுபத்திரண்டு வயது, இனி முடியாது.

நவம்பர் 23, வியாழன், நன்றித் திருநாள்

எல்லோரும் எங்கள் வீட்டில்தான். கேலன் வரமாட்டான் என்று வெர்லின் பந்தயம் கட்டினார், தோற்றார். வான்கோழி, பூசணி அடைத்த இனிப்புப் பை, நான் சுட்ட லெஃப்ஸ உருளைக்கிழங்கு ரொட்டி. முதலில் எல்லோரும் வானிலையைப் பற்றியே பேசினார்கள்.

பை வெட்டும்போது ஓரின் அண்ணன் தொண்டையைக் கனைத்தார். "அந்த விதியத் தூக்கிக் கடாசிடலாம். நாலு பேருக்குள்ள ரெண்டு பேர் வெளிய போனா நானும் இந்தப் பையனும் சீட்டாடிக்கிட்டா இருக்கறது?"

ட்ரெவர் தட்டைப் பார்த்தபடியே "சரி" என்றான். அவன் அப்பாவுக்காகத்தான் சொன்னான், எனக்குத் தெரியும். இருந்தாலும் சொன்னான். நான் வாயைத் திறக்கவில்லை. ஜெயித்துவிட்டேன், எதற்குத் திறக்க வேண்டும்?

கேலன் முள்கரண்டியை வைத்தான். "கிடையாது."

"என்னடா கிடையாது?"

"அக்கா மாட்டினப்ப விதின்னா விதின்னு சொன்னேன். மறுநாள் நான் மாட்டிக்கிட்டதும் விதிய எடுத்துட்டா நான் என்ன மனுஷன்? இருக்கட்டும்."

நான் கத்தினேன். பேரப்பிள்ளைகள் முன்னாலேயே கத்தினேன். முட்டாள், பிடிவாதக்காரன், இன்னும் என்னென்னவோ. அவன் தட்டிலிருந்த பையை முழுக்கச் சாப்பிட்டு முடித்தான். தோற்ற பிறகும் என்னை ஜெயிக்க விடமாட்டேன் என்கிறான். இவனை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

அவர்கள் போன பிறகு வெர்லின் சொன்னார், "ரெண்டு பேரையும் ஒரே அச்சுல வார்த்திருக்காங்க." பாத்திரத்தை அவரையே கழுவச் சொன்னேன்.

ஆகஸ்ட் 29

இன்று சாயங்காலம் காலி பஸ்ஸைத் திருப்பிக்கொண்டு வரும்போது ஜென்சனின் சோயா வயலோரம் செனட்டர் நின்றது. கொம்பில் இன்னும் மெல்லிய தோல் மூடியிருந்தது, போன வருஷத்தைவிட அகலம். பஸ்ஸை நிறுத்தி எஞ்சினை அணைத்தேன். அது அவசரப்படாமல் மேய்ந்தது. அழகுதான். இங்கே எழுதி வைக்கிறேன். கேலனிடம் சொல்லப் போவதில்லை.

நவம்பர் 22, வெள்ளி

நாளைக்கு வேட்டை தொடக்கம். யாரும் போன் செய்யவில்லை. வா என்றும் இல்லை, வராதே என்றும் இல்லை. வருவேன். நானும் அவனும் பிறந்து வளர்ந்த நிலத்தில் என் பரணில் நான் உட்காருவதற்கு யாரும் அழைப்பு அனுப்ப வேண்டாம். தடுக்க வந்தால் என்ன சொல்ல வேண்டும் என்று வாக்கியம் எல்லாம் யோசித்து வைத்திருக்கிறேன்.

நவம்பர் 23, சனி

யோசித்து வைத்த வாக்கியங்கள் எல்லாம் வீண்.

இருட்டோடு ஏறி உட்கார்ந்தேன். பனி லேசாகப் பெய்திருந்தது. முதல் வெளிச்சத்திலேயே ஒரு பெட்டை வந்தது, சுட்டேன், ஓடைக்கு அந்தப் பக்கம் பள்ளத்தில் போய் விழுந்தது. மேலே இழுப்பதற்குள் என் உயிர் போய்விடும் என்று நினைத்துக்கொண்டே இறங்கினேன். பள்ளத்து விளிம்பில் ஆரஞ்சுச் சட்டையில் கேலன் நின்றுகொண்டிருந்தான். கையில் துப்பாக்கி இல்லை. தோளில் கயிறு.

"எவ்வளவு நேரமாடா நிக்கற?"

"உன் வெடி கேட்டதும் வந்தேன்."

"விதிப்படி நான் இங்க இருக்கக் கூடாதே. துரத்த வந்தியா?"

அவன் கீழே இறங்கி மானின் முன்னங்கால்களைச் சேர்த்துக் கட்டினான். முடிச்சை இறுக்கிவிட்டுச் சொன்னான்: "கையத் தூக்கினவன் நான். நீ தூக்கவே இல்லையே. உனக்கு எப்படிப் பொருந்தும்?"

இதைத்தானே ஒரு வருஷமாக நான் சொல்லிக்கொண்டிருந்தேன். அவன் வாயிலிருந்து வந்ததும் எனக்குச் சந்தோஷத்தைவிட ஆத்திரம்தான் அதிகம் வந்தது. துப்பாக்கியை அவன் முன்னால் நீட்டினேன்.

"இன்னும் ரெண்டு பெட்டை அந்தப் புதர்ல நிக்குது. ஒன்னச் சுட்டுக்கோ. இன்னிக்காவது உட்காரு."

"வேணாம்."

"உன் சட்டம் உன்னத் தவிர யாரையும் கட்டுப்படுத்தலடா."

"அதனாலதான் நான் வச்சிருக்கேன்" என்றான். சிரித்தானா என்று தெரியவில்லை, குனிந்திருந்தான்.

பள்ளத்திலிருந்து கொட்டகை வரைக்கும் அவன்தான் இழுத்தான். வாசல் வழியாக. ட்ரெவர் ஓடி வந்து ஒரு பக்கம் பிடித்தான், "நல்ல சதை, அத்தை" என்றான். ஓரின் அண்ணன் கம்பத்தில் கயிறு போட்டார்.

தோலை உரித்த பிறகு முதுகெலும்பின் இரண்டு பக்கமும் இருக்கிற கறியை நீளமாக இரண்டு துண்டாக அறுத்தெடுத்தேன். மானில் அதைவிட ருசியான இடம் கிடையாது. இழுத்த கூலிக்கு ஒன்று எடுத்துக்கொள் என்று கேலனிடம் சொல்லிவிட்டுக் கத்தியைக் கழுவப் போனேன். திரும்பி வருவதற்குள் இரண்டையும் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டான்.