பெருவிரல் மரியாதை

எழுத்து கோணல்மாணலாக இருக்கும், பொறுத்துக்கொள். மண்வெட்டி பிடித்துக் காய்த்த கை, பேனை வழுக்குகிறது. இந்த இரண்டு வரிக்கே அரை மணி நேரம் போய்விட்டது. ஆனாலும் சந்தோசம் தாங்கவில்லை, மச்சான். எழுபத்தெட்டு வயதில் வாசிக்கப் பழகிவிட்டேன். மருந்துப் போத்தல், பஸ்ஸின் நெற்றி, செத்தவீட்டு நோட்டீஸ், ஒன்றையும் விடுவதில்லை.

செவ்வாய்க்கிழமை விறகு எடுக்கப் போன இடத்தில், கொட்டிலுக்குள் சாத்தியிருந்த பலகையையும் வாசித்தேன். என் வள்ளத்தின் பெயர்ப்பலகை. நீ எழுதித் தந்தது. என் மனைவியின் பெயர், ஞானம், அதில் இருக்கிறதென்று இத்தனை வருசமும் நினைத்திருந்தேன். கை. நா. ட். டு. மூன்று தரம் கூட்டிப் பார்த்தேன். கைநாட்டு என்றுதான் வந்தது.

எண்பத்து மூன்றின் தொடக்கம் அது. நீர்வேலி வாழைத்தோட்டக்காரனுக்கு வள்ளம் எதற்கென்று ஊரே சிரித்தது. அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கரான நீதான் என்னை உன் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் சேர்த்தாய். மீன் பிடிக்காமல், ஆழமில்லாத பரவைக்கடலில் சும்மா பாய் விரித்து ஓடுகிற மனிதர்கள். உங்கள் மரியாதைகளை எல்லாம் நீ சொல்லித் தந்தாய். அடுத்தவன் பாய்க்குக் காற்றை மறைக்கக் கூடாது. எதிரே வருகிறவனுக்குக் கை உயர்த்தாமல் போகக் கூடாது.

"என்ன பேர் போட?" என்று தூரிகையோடு கேட்டாய்.

"மனிசியின்ரை பேர். ஞானம்."

"உனக்குப் பொருத்தமான பேர்தான், மச்சான்!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அன்றிலிருந்து என் வள்ளத்தைக் கண்டால் எல்லோரும் பெருவிரலை உயர்த்தினார்கள். மற்றவர்களுக்கு முழுக்கை, எனக்கு மட்டும் பெருவிரல். ஏனென்று கேட்டேன். "உது நல்ல கூட்டாளிக்குக் காட்டுற மரியாதை. நீயும் காட்டு" என்றாய். நான் எழுந்து நின்று, வள்ளம் ஆட ஆட, பெருவிரலை வானத்துக்கு நீட்டினேன். பரவைக்கடலில் என்னைப் போல் சந்தோசமானவன் அன்று யாரும் இல்லை.

உன் ஆட்கள் கெட்டவர்களும் இல்லை. ஒருநாள் என் பாய் கிழிந்தபோது மூன்று வள்ளங்கள் திரும்பி வந்தன. கயிறு எறிந்து இழுத்தார்கள், பிளாஸ்கிலிருந்து தேத்தண்ணி ஊற்றித் தந்தார்கள். கரை வரும்வரை பெருவிரலும் காட்டினார்கள்.

பிறகு ஒரு ஞாயிறு ஞானத்தைக் கூட்டி வந்தேன். அவள் ஐந்தாம் வகுப்புப் படித்தவள். பலகையைப் பார்த்தபடி நின்றாள்.

"எனக்குத் தலை சுத்துது. நான் ஏறேல்லை" என்றாள்.

"உன்ரை பேர் எழுதின வள்ளத்திலை ஏற உனக்கென்ன கொழுப்போ?" என்று அத்தனை பேருக்கு முன்னாலும் கத்தினேன். நீ குனிந்து, சிக்கே இல்லாத கயிற்றில் சிக்கெடுத்தாய்.

அடுத்த வருசம் பெயின்ற் பேணியோடு வீட்டுக்கு வந்தாய். "பேர் மங்கிப் போச்சு, திருப்பி எழுதுவம்" என்றாய். உன் கையெழுத்தை அழிக்க விடமாட்டேன் என்றேன். பேணியைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் போனாய். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம்.

பின்பு சண்டை மூண்டு கடலில் இறங்கத் தடை வந்தது. மருந்து கிடைக்காத காலத்தில் காய்ச்சல் வந்து நீ போய்ச் சேர்ந்தாய். கூடப்பிறந்தவனுக்குப் போல அழுதேன். தொண்ணூற்றைந்தில் ஊரே பெயர்ந்தபோது சைக்கிளில் ஒரு பொருளுக்குத்தான் இடம். ஞானத்தின் தையல் மெசினை இறக்கி வைத்துவிட்டு, வள்ளத்திலிருந்து கழற்றி வைத்திருந்த அந்தப் பலகையைக் கட்டினேன். அவள் பெயர் அல்லவா! அவள் மெசினுக்கு மேல் துணியைப் போர்த்திவிட்டு என் பின்னால் நடந்தாள்.

செவ்வாய்க்கிழமை குசினிக்குள் போய்க் கேட்டேன்.

"அண்டைக்கே வாசிச்சனியோ?"

"ஓம்."

"ஏனப்பா சொல்லேல்லை?"

"விரலைத் தூக்கிக்கொண்டு பிள்ளை மாதிரிச் சிரிச்சியள். எப்பிடிச் சொல்லுறது?" அடுப்பை ஊதிவிட்டுச் சொன்னாள்: "மெசினை விட்டிட்டு வந்ததுக்கு எண்டால் ஒருக்கால் அழுதனான்."

உனக்கு எழுதத் தெரிந்திருந்தது. அதைக் கொண்டு இதைத்தான் செய்தாய். உன்னை ஏச ஏராளமான சொற்கள் வைத்திருக்கிறேன். வாயால் ஏசினால் காற்றோடு போய்விடும், எழுதினால் நிற்கும் என்று இப்போது தெரிகிறது. ஆனால் அன்று கரையில் அவளை ஏசியதற்கு நான் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை. முகம் பார்த்துக் கேட்க வெட்கமாயிருக்கிறது. எழுதிக் கொடுத்தால் வாசிப்பாள். என் வேகத்துக்கு இந்தக் கிழமை முழுவதும் அதற்கே போய்விடும்.

உன் முறை அடுத்த கிழமை.